இருபத்தோராவது தட்டு

அனிமேஷன் வகுப்பு சார் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை மானிட்டர் விளிம்பில் செருகிவைத்துக்கொண்டு, திவ்யா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். ஸ்டார்ட், ரன், அப்புறம் வாயில் நுழையாத ஆறு எழுத்து. திரையில் பெட்டி ஒன்று விரிந்து பச்சைக் கோடு நிதானமாக நகர்ந்தது. அன்னக்கொடி கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள். குழம்புக்குப் புளி ஊற்றவேண்டிய நேரம், ஆனால் மகள் முகத்தைப் பார்த்தபிறகு கால் நகரவில்லை. டிஸ்பிளே என்ற தலைப்பை அழுத்தியதும் வந்த நாலு வரியைத் திவ்யா இரண்டு தடவை படித்தாள். பிறகு சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் நல்ல பதிலாக ஏதாவது எழுதியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

"கார்டு இல்லம்மா."

"எந்தக் கார்டு?"

"கிராபிக்ஸ் கார்டு. மாமா குடுத்த கம்ப்யூட்டர்ல அது இல்லவே இல்ல."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த சுருளி பேப்பரை இறக்கவில்லை. அதற்குப் பின்னால் அவர் சிரிப்பது அன்னக்கொடிக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது?

"உங்கண்ணன் மைக்குல வாசிச்சாரே, அந்த ஐட்டந்தான?" என்றார்.

அவனியாபுரத்தில் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியது தை மாசம். அன்றைக்கு வாடிப்பட்டியிலிருந்து இரண்டு வேன் பிடித்து, மேளதாளத்தோடு தெருமுனையில் இறங்கினார் நல்லகாமன். தங்கச்சி வீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீர். ஆளுக்கொரு தட்டு. வாழைப்பழத்துக்கும் பட்டுச்சேலைக்கும் நடுவில், மாலை போட்ட மானிட்டரை ஒருவர் தலையில் சுமந்து வந்ததைத் தெருவே மாடியேறிப் பார்த்தது. அண்ணன் மைக்கை வாங்கி, கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று கடைக்காரன் எழுதிக் கொடுத்த சீட்டை வரிவரியாக வாசித்தபோது, இப்படியும் மெனக்கெடுவானா மனுஷன் என்று அன்னக்கொடிக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

இதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டார்கள், திவ்யா டைப் அடித்தாள், ஒரு குறையும் தெரியவில்லை. இப்போதுதான் அனிமேஷன் வகுப்பில் கடைசிப் பாடம் வந்திருக்கிறது. ஒரு நிமிஷப் படம் செய்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். நன்றாக இருந்தால் சென்னைக் கம்பெனி வேலைக்கே எடுத்துக்கொள்ளும். திவ்யா செய்துகொண்டிருந்தது, ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து பதினாலு பேர் வரிசையாக இறங்குகிற படம். சென்டரில் ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் கிடைக்கும், மிச்சத்தை வீட்டில்தான் செய்தாகவேண்டும். வீட்டில் மூன்றாவது ஆள் இறங்கக் காலை வெளியே நீட்டியதும் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. இன்றைக்குச் செவ்வாய்.

"அது என்னடி செய்யும், அந்தக் கார்டு?"

"படம் வரையுறதுக்குன்னே தனி ஆளும்மா அது. அதுக்குத் தனி மெமரி. அது இல்லைன்னா மதர்போர்டே சேத்து வரைஞ்சுக்கிரும், ஆனா கம்ப்யூட்டரோட மெமரியில கொஞ்சத்தப் புடுங்கிக்கிரும். இந்தா பாரு, எரநூத்தி அம்பத்தாறு எம்பி இருக்கணும், எரநூத்தி நாப்பத்தெட்டுதான் காட்டுது."

அன்னக்கொடி தன் வழியில் புரிந்துகொண்டாள். விசேஷ வீட்டில் சமைக்கிறவளே ஓடி ஓடிப் பரிமாறவும் செய்கிறாள். நாலு பேர் என்றால் சமாளிப்பாள். பந்தியே உட்கார்ந்துவிட்டால் அடுப்பையும் பார்க்கமுடியாது, இலையையும் பார்க்கமுடியாது.

சுருளி பஸ் டிப்போவில் மெக்கானிக். இயந்திரம் என்றால் கை சும்மா இருக்காது. டார்ச்சை எடுத்து வந்து கம்ப்யூட்டர் கேபினட்டின் முதுகில் அடித்தார். மானிட்டர் வயர், மவுஸ் வயருக்குப் பக்கத்திலேயே மேலே செருகியிருந்தது. கார்டு இருந்தால் வயர் கீழே வரிசையாக இருக்கிற தகரப் பட்டைப் பக்கம்தான் செருகியிருக்கும் என்று சார் சொல்லியிருந்தாராம். அந்த வரிசையில் ஒரு பட்டை மட்டும் இல்லை, துவாரம் திறந்து கிடந்தது. அவர் விரலை விட்டுப் பார்த்தார்.

"போடாம விட்டதில்ல இது. போட்டதக் கழட்டியிருக்கு."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அன்னக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. துணியை மடித்தாள், மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். அவள் கல்யாணத்துக்கு அண்ணன் தேக்கு பீரோ என்று சொல்லித்தான் ஒரு பீரோ கொடுத்தார். வீட்டுக்காரரின் அக்கா ரெங்கம்மாள் வந்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள பிளைவுட்டு" என்றாள். அது உண்மையாகவும் இருந்துவிட்டது. ஏமாந்தது அண்ணனா, ஏமாற்றியது அண்ணனா என்று அன்னக்கொடி கேட்டதே இல்லை. இப்போது கேட்கத் தோன்றியது. மைக்கில் வாசித்துப் பெயர் வாங்கிக்கொண்டு, பொருளைக் கழற்றித் திருப்பிக் கொடுத்திருப்பாரோ? அப்படி நினைத்ததற்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனால் நினைப்பு நிற்கவில்லை.

புதன்கிழமை காலையில் சுருளி ஷிப்டுக்குப் போனதும் கிளம்பிவிட்டாள். ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ் ஏறி உட்கார்ந்தவள், கேட்கவேண்டியதை மூன்று விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் அண்ணனைத் திருடன் என்றுதான் சொல்லின.

நல்லகாமன் தோப்பில் மோட்டார் ரூமுக்கு வெளியே ஈர வேட்டியோடு நின்றிருந்தார். தங்கச்சியைப் பார்த்ததும், "என்னாத்தா, சொல்லாமக் கொள்ளாம?" என்று பதறி, அவள் ஒன்றுமில்லை என்று சொன்னபிறகுதான் இளநீர் வெட்டப் போனார். அவள் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்தக் கம்ப்யூட்டர எந்தக் கடையிலண்ணே எடுத்த?" என்றாள்.

"அத ஏன் கேக்குற. கடைக்காரனுக்கும் எனக்கும் சண்டையில்ல?" அண்ணன் உற்சாகமாகிவிட்டார். "கௌம்புறதுக்கு முன்னால தட்ட எண்ணிப் பாத்தா இருவது வருது. எரட்டப்படையில சீர் கொண்டுபோக முடியுமா? இனிமே எதப் போய் வாங்குறது? இதுல தனியா எடுக்குறாப்புல என்னப்பா இருக்குன்னு கேட்டேன். அந்தக் கார்டு தனியா வரும்னான், ஆனா கழட்டக்கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்டான். போடா, போய்ச் சேந்ததும் மாட்டிக்கிரட்டும்னு கழட்டி, அது டப்பாவுலயே போட்டு, வெத்தல பாக்கு வச்சு, கலர்த்தாள் சுத்திட்டோம். இருவத்தொன்னு. எல்லாத்துக்கும் வச்ச மாதிரி அதுக்கும் சந்தனங் குங்குமம் நாந்தேன் வச்சேன். நடுவுல ஒரு குட்டி ஃபேன் இருக்குல்ல, அதுமேல."

அன்னக்கொடி இளநீரை ஒரு மடக்குக் குடித்தாள்.

"மாட்டித் தந்தவன் சரியா மாட்டுனானா? நல்லா ஓடுதுல்ல?"

"ஓடுதுண்ணே," என்றாள். இளநீர் ஏனோ கசந்தது.

திரும்புகிற பஸ்ஸில் அந்த நாள் முழுக்க ஞாபகத்துக்கு வந்தது. சீர் இறங்கிய வீட்டில் நாத்தனாருக்கு ஒரு தட்டு எடுத்துக் கொடுப்பது முறை. ரெங்கம்மாள் அன்றைக்குக் காலையில்தான், "பீரோ மாதிரி இல்லாம இதாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தாள். அந்த எரிச்சலில் அன்னக்கொடி வரிசையை ஒரு பார்வை பார்த்து, இருப்பதிலேயே சின்னத் தட்டாக ஒன்றைத் தூக்கிக் கொடுத்தாள். சிவப்புக் கலர்த்தாள். ஏதோ பிஸ்கட் டப்பா என்றுதான் நினைத்தாள். அதற்குப் பிறகு ரெங்கம்மாள் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சுருளி இரண்டு தடவை கேட்டபோது, "உங்க அக்கா குணம் தெரியாதா" என்று அன்னக்கொடி சொல்லியிருந்தாள்.

ஆரப்பாளையத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் தல்லாகுளத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

ரெங்கம்மாள் கதவைத் திறந்து, "வா" என்று சொல்லிவிட்டு ஃபேனைப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அன்னக்கொடி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அதற்குள் ரெங்கம்மாளே எழுந்து போய், பீரோ மேலிருந்து அந்தத் தட்டை இறக்கி முன்னால் வைத்தாள். வெற்றிலை பாக்கு இல்லை. கலர்த்தாளைப் பிரித்து, டப்பாவைத் திறந்து பார்த்து, மறுபடியும் அதே மடிப்பில் சுற்றி வைத்திருந்தாள்.

"உள்ள ஒரு தகடும் பச்ச அட்டையும் இருக்கு. ஓட்ட ஒடசலத் தூக்கி ஏங்கையில நீ குடுத்துட்டன்னு இருந்தேன். ஆறு மாசமா இதப் பாத்துக்கிட்டேதான் தூங்குறேன்." அவள் குரல் உயரவில்லை. "தெரியாமக் குடுத்தியா, தெரிஞ்சு குடுத்தியா?"

தெரியாமல் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் காலையில் அண்ணனிடம் சொன்ன பொய்யே இன்னும் இறங்காமல் அங்கே நின்றது.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாது மதினி," என்றாள். "சின்னத் தட்டுன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்."

ரெங்கம்மாள் அவளையே பார்த்தாள். மேலே ஃபேன் கடகடவென்று ஓடியது. "சேல மாத்திட்டு வாரேன்," என்று உள்ளே போனாள். ஆட்டோவில் அன்னக்கொடி கார்டு கதை முழுவதையும் சொல்லிவிட்டுத் தட்டை வாங்கக் கை நீட்டியபோது அவள் தரவில்லை. அவனியாபுரம் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாள்.

திவ்யா டப்பாவைப் பிரித்ததும் கத்தவில்லை, கார்டை இரண்டு கையாலும் தூக்கினாள். ஷிப்டு முடிந்து வந்திருந்த சுருளி அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். கார்டு அழுத்தமாக உட்காரும்போது டக்கென்று ஒரு சத்தம் வந்தது. வயரை மேலிருந்து பிடுங்கிக் கீழே செருகினார்கள். குட்டி ஃபேன்மேல் அண்ணன் வைத்த குங்குமம், நடுவில் வைக்கப்போய்க் கை தவறி ஓரமாக விழுந்து, சந்தனத்தோடு காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்கட்டுமா என்று திவ்யா கேட்டாள்.

"இருக்கட்டும்," என்றது ரெங்கம்மாள்.

சுருளி சுவிட்சைப் போட்டார். ஃபேன் முதலில் தயங்கித் தயங்கிச் சுற்றியது.

"உங்கண்ணங்கிட்ட சொல்லிட்டியா?" ரெங்கம்மாள் காலித் தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

அன்னக்கொடி கேபினட் பக்கம் குனிந்தாள். மானிட்டர் இன்னும் கறுப்பாகவே இருந்தது. திறந்து கிடந்த கேபினட்டுக்குள் ஃபேன் வேகம் பிடிக்கப் பிடிக்க, அந்தக் குங்குமப் பொட்டு நீண்டு, வளைந்து, விட்ட இடமே தெரியாத ஒரு சிவப்பு வளையமாகச் சுற்றத் தொடங்கியது.