மந்திரிக்காத கிட்டார்

ஒரு பாட்டுகூட வாசித்துக் காட்டாமல் பன்னிரண்டு வருடம் ‘கிட்டார் பிரிட்டோ’ என்று பேர் வாங்க முடியுமா? வில்லியனூருக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்ன மாதா கோயில் பங்கில் முடிந்தது. வாலிப வயதில் பிரிட்டோ பாண்டியில் ஒரு மெல்லிசைக் குழுவோடு எட்டு மாதம் சுற்றினார். ஸ்பீக்கர் பெட்டிகளை வேனில் ஏற்றி இறக்குவதுதான் அங்கே அவர் வேலை. ஊருக்குத் திரும்பியபோது அந்தச் சின்ன விவரத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கோயில் பாடற்குழுவிடம் பழைய கிட்டார் ஒன்று கிடந்தது. வாசிக்கச் சொன்னால் அதை ஏற இறங்கப் பார்ப்பார். “இது கிட்டாரா? வெறகுப்பா. நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்க, அப்பறம் பாருங்க” என்பார். வாங்கித் தரவே மாட்டார்கள் என்ற அசைக்க முடியாத விசுவாசத்தில் சொன்னது அது.

மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கையில் கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவை வாங்கித் தருவதென்று முடிவு செய்துவிட்டது. பேரவையின் பெரிய கை, கரும்புக்காரர் மரியசுந்தரம், சனிக்கிழமை காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பின் சீட்டில் பாடற்குழுப் பெண் ஆனி மேரி. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருப்பவள்.

வில்லியனூர் கடைத்தெருவில் தணிகைவேல் கடை. பேண்டு செட்டுக்கு டிரம், பள்ளிக்கூடத்துக்கு ஹார்மோனியம், சுவரில் ஐந்தே ஐந்து கிட்டார். மரியசுந்தரம் ஒவ்வொன்றையும் பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி தட்டிப் பார்த்தார். பிரிட்டோ ஒற்றைக் கண்ணை மூடி நீள வாட்டத்தில் பார்த்தார், நடு ஓட்டையில் மூக்கை விட்டு மோந்தார். முதலாவது நம்ம ஊர் ஏரிக்காற்றுக்குத் தாங்காதாம். இரண்டாவதில் பாலிஷ் அதிகமாம். மூன்றாவதில் மரம் இன்னும் பழுக்கவில்லையாம். மரம் எந்த வருடம் பழுக்கும் என்று தணிகைவேல் பாவம் கேட்கவில்லை.

“எங்க கம்பெனியில எல்லா பீஸுக்கும் ஒரே டெஸ்டுதாண்ணா. அஞ்சுலயும் ஒரே பாட்டு வாசிங்க. நான் போன்ல பதிஞ்சிக்கறேன். எது ஒசத்தின்னு அப்பதான் தெரியும்” என்றாள் ஆனி மேரி.

பிரிட்டோ கையிலிருந்த கிட்டாரை அவசரமாகச் சுவரில் மாட்டினார். பன்னிரண்டு வருட அனுபவம் லேசில் கைவிடுமா?

“மந்திரிக்காமயா? புது வண்டியவே சாமியார்கிட்ட மந்திரிக்காம ஓட்ட மாட்டோம். மாதாவுக்கு வாசிக்கப் போற கிட்டாரு. மொத சத்தம் கடையிலயா வர்றது?”

மரியசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று பிரிட்டோ மூச்சு விடுவதற்குள் அதே கையால் போனை எடுத்தார். “சாமி, வில்லியனூர்லதான கீறீங்க? ஒரு அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போங்க.”

பங்குச்சாமியார் பைக்கில் வந்து இறங்கினார். தீர்த்தப் புட்டி பைக் பெட்டியிலேயே இருந்தது. “எத வாங்கப் போறீங்கன்னு தெரியாம எத மந்திரிக்கிறது?” என்று ஐந்தையும் மந்திரித்தார். முருகன் படத்துக்குக் கீழே நின்றிருந்த தணிகைவேல், “சாமி, அப்பிடியே கல்லாப்பெட்டிக்கும்” என்றார். அதற்கும் விழுந்தது. இரண்டு வருடமாக விலை போகாத டிரம் செட்டுக்கும் நாலு சொட்டு விழுந்தது.

“இப்ப வாசிப்பா” என்றார் மரியசுந்தரம்.

ஈரக் கிட்டார் மடியில் இருந்தது. நாலு பேர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டோ நிஜமாகவே பயந்தார். ‘என் அப்பா கிட்டார் வாசிப்பார்’ என்று அவர் மகள் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதி ‘மிக நன்று’ வாங்கியிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாயைத் திறந்தார். “தண்ணி காயட்டும்” என்றுதான் வந்தது.

ஆனி மேரி அவரைப் பார்த்தாள். கம்பெனியில் தேறாத பீஸைப் பார்க்கிற பார்வை.

“குடுங்கண்ணா, நான் வாசிக்கறேன். நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

கம்பிகளை முறுக்கிச் சரிசெய்தாள். ஐந்திலும் ஒரே பாட்டின் ஒரே வரியை வாசித்தாள். முதலாவது தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருந்தது. மூன்றாவதில் ஒரு கம்பி கிரீச்சிட்டது. நாலாவது அந்தச் சின்னக் கடையையே நிரப்பியது. சாமியார்கூடக் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் பிரிட்டோ கரைகண்டவர் மாதிரி தலையாட்டினார். மூன்று வருடமாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கடன் வாங்கிய கிட்டாரில் போனைப் பார்த்து அவள் கற்றுக்கொண்டது யாருக்கும் தெரியாது. கிட்டார் என்றால் பிரிட்டோ என்று இருந்த ஊரில் அவளை யார் கேட்டார்கள்?

“யம்மா! எங்க கத்துகின?” என்று கேட்ட மரியசுந்தரம் பதிலையும் அவரே சொன்னார். “வேற யாரு, பிரிட்டோதான் சொல்லிக் குடுத்துருப்பான். இன்னா பிரிட்டோ?”

ஆனி மேரி பிரிட்டோவின் முகத்தையே பார்த்தாள். பிரிட்டோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாய் அவருடையதாயிற்றே.

“ஏதோ... வெரல எங்க வெக்கறதுன்னு காமிச்சேன்.”

“அப்ப ஒண்ணு எதுக்கு? நாலாவது மாடல்லயே ரெண்டா கட்டு, தணிகைவேலு! திருவிழாப் பூசையில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து வாசிக்கணும். சாமி, நோட்டீஸ்ல போட்டுடுங்க.” சாமியார் உடனே போனில் குறித்துக்கொண்டார். தணிகைவேல் உள்ளறையிலிருந்து அதே மாடலில் இன்னொன்றைக் கொண்டுவந்தார்.

திரும்பும்போது கார் பின் சீட்டில் இரண்டு பேர், இரண்டு கிட்டார். முன்னால் மரியசுந்தரம் யாருக்கோ போன் போட்டு நல்ல செய்தியைப் பரப்பிக்கொண்டிருந்தார். பிரிட்டோ குரலைத் தாழ்த்தினார்.

“ஆனி, உனக்கு ஷிப்டு எத்தினி மணிக்கு முடியுது?”

“அஞ்சரைக்கு. ஏண்ணா?”

“மொத வெரல எங்க வெக்கணும்னு காமிம்மா.”

“எந்தக் கையிலண்ணா?”

பிரிட்டோ தம் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.