எதிர் வரிசையில் ஹார்லன்

சட்டமன்றத்தின் குழு அறைகள் சின்னவை. சாட்சி சொல்ல வந்தவர் காலை நீட்டினால் எதிரே இருக்கும் உறுப்பினரை இடிக்கும். லோரெட்டா காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், காப்பீட்டு நிறுவனத்து ஆட்களின் வரிசையில் ஹார்லனைப் பார்த்தாள். அவன் வருவான் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

மாநிலத்தின் மருத்துவக் கண்காணிப்பு அலுவலகத்தில் பதினோரு வருடம் இருவருக்கும் எதிரெதிர் மேசை. சிகிச்சைக்குப் பணம் தர நிறுவனங்கள் மறுத்துவிட்டதாக வரும் புகார்களைப் படித்து, யார் பக்கம் நியாயம் என்று சொல்வது அவர்கள் வேலை. மத்தியானம் ஹார்லன் தன் பட்டாணி சூப்பில் பாதியை அவள் கோப்பையில் ஊற்றிவிட்டு, பேசாமல் படிக்கப் போய்விடுவான். அவளும் பேசியதில்லை. பேச இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் நிதி இல்லையென்று அவன் பதவியை எடுத்துவிட்டார்கள். அவன் மேசையில் கடிதங்கள் ஏறின. வேறு ஆளை யாரும் அங்கே உட்கார வைக்கவில்லை.

கண்காணிப்புக்கு ஆகும் செலவில் ஒரு பங்கைக் காப்பீட்டு நிறுவனங்களே தரவேண்டும் என்பதுதான் இன்றைய மசோதா.

குழுத் தலைவி பால்பண்ணைக்காரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "மேய்க்கிறவன் கூலியை மாடே குடுக்கணுமான்னு இந்தக் கம்பெனிக்காரங்க கேக்கறாங்க. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"ஒரு புகார் லெட்டரைப் படிச்சு முடிக்க இப்ப அஞ்சு மாசம் ஆகுதும்மா," என்றாள் லோரெட்டா. "போன வாரம் ஒருத்தருக்கு ஃபோன் பண்ணேன், உங்க பக்கம்தான் நியாயம்னு சொல்ல. அவரு வீட்டுக்காரம்மா எடுத்தாங்க. அவரு ஜனவரியிலயே போயிட்டாருன்னாங்க. அப்புறம், ஃபோன் பண்ணதுக்கு ரொம்ப நன்றின்னாங்க."

அடுத்து ஹார்லனை அழைத்தார்கள். கையிலிருந்த தாளை மடித்து வைத்தான்.

"எங்க கம்பெனி இதை எதிர்க்குது. காரணத்தை எழுதிக் குடுத்திருக்கோம்."

"அவ்வளவுதானா?" என்றாள் தலைவி. "அந்தம்மா சொன்ன அஞ்சு மாசம்?"

"நிஜமாத்தான் இருக்கும்," என்றான். "நான் அங்க இருந்தப்ப மூணு வாரம்."

பக்கத்திலிருந்த கம்பெனி வக்கீல் சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தார்.

வாக்கெடுப்பில் ஏழுக்கு நான்கு. மசோதா குழுவைத் தாண்டியது. இனி முழு அவைக்குப் போகவேண்டும். நடைக்கூடத்தில் லோரெட்டா அவனைப் பிடித்தாள்.

"உன்னைச் சும்மா விடுவாங்களா?"

"திட்டுவாங்க. அதுக்கு மேலயும் இருக்கலாம்."

"சட்டமாயிட்டா நம்ம ஆபீசுல ஆள் எடுப்பாங்க ஹார்லன். நீ வேலைக்கு எழுதிப் போடேன்."

"கம்பெனி இருக்கிற ஊர்லயே, ஹார்ட்ஃபோர்டுல, வீடு வாங்கிட்டேனே."

"வித்துடு."

"ரெண்டு ஆப்பிள் கன்னு வேற நட்டிருக்கேன்."

"பிடுங்கிட்டு வா."

சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வக்கீல் கதவருகே நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"நல்லாப் பேசின லோரெட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் மாதத்துப் பனி, பாதி மழையாக விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே அவள் பார்த்தாள். வக்கீலின் வண்டி போய்விட்டது. ஹார்லன் தன் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான். விளக்கு எரிந்தது. கண்ணாடித் துடைப்பான்கள் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கின, வெகுநேரம் ஆடிக்கொண்டேயிருந்தன. வண்டி நகரவில்லை.