பட்டைத் துணிக்குப் பின்னால்

லுபேயை மூன்றாம் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் டாக்டர் கடிதம் எழுதினார். ஆறு வயசுப் பிள்ளையின் நெஞ்சைத் தின்பது வீட்டு ஈரம், உடனே வேறு வீடு கொடுங்கள் என்று.

நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில் அரசாங்க வாடகை வீடு. இரண்டு அறை, ஒன்பது பேர். ஓர் அறையின் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அங்கே படுத்தவள்தான் லுபே.

வீட்டுத் துறை அதிகாரி ஈரத்தைப் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டதும், லுபேயின் அம்மா சிசிலியாவின் நாத்தனார் ஓஃபா வந்து இறங்கினாள். டோங்கா தீவுக்காரர் வீட்டில் அக்கா பேச்சைத் தம்பி தட்டக் கூடாது. தம்பி பெண்டாட்டி வாயே திறக்கக் கூடாது.

"பன்னி அடைஞ்ச இடமாட்டம் இருக்கு. வர்றவன் நம்ம ஜனத்தப் பத்தி என்ன நெனப்பான்?"

"அண்ணி, அவன் வர்றதே இதைப் பாக்கத்தான்," என்றாள் சிசிலியா.

"வக்கீலுக்குப் படிச்சியாக்கும்! ப்ளீச்ச எடு."

கணவன் மாக்கா தரையைப் பார்த்தான். கோழியிறைச்சி ஆலையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்த சிசிலியா, கை எரிய எரியச் சுவரைத் தேய்த்தாள். அதன்மேல் ஓஃபா தன் கையால் மரப்பட்டையை அடித்து அடித்துச் செய்த பட்டைத் துணியை விரித்து மாட்டினாள்.

மறுநாள் வந்த அதிகாரி சின்னப் பையன். ஓஃபா தட்டு நிறையச் சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்தாள்.

"சாப்புடுங்க தம்பி, கூச்சப்படாதீங்க."

அவன் அறையை எட்டிப் பார்த்தான். "நல்லா வச்சிருக்கீங்க. ஈரம் இல்லன்னு போட்டுடறேன். வீடு மாத்த வேண்டியதில்ல."

ஓஃபாவின் முகம் மலர்ந்தது. சிசிலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் மேலா, அண்ணி மேலா, வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல் நிற்கும் புருஷன் மேலா என்று தெரியவில்லை. நேராகப் போய்ப் பட்டைத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"அடிப்பாவி!" ஓஃபா அலறினாள். "என் துணியத் தொட நீ யாருடி?"

"லுபேயோட அம்மா."

பின்னால் சுவர் வெளுத்திருந்தது, ஆனால் சொதசொதவென்று இருந்தது. சிசிலியா கட்டைவிரலை அழுத்தினாள். உள்ளே போயிற்று. ஊறிப்போன சுவர் அட்டையை ஒரு பிடி அள்ளி அதிகாரியின் காகிதத்தின் மேல் போட்டாள்.

"நேத்து வரைக்கும் கரியா இருந்திச்சு. நாந்தான் தேச்சேன், வெக்கங்கெட்டு. இப்ப எழுது."

"நான் ஏற்கெனவே எழுதிட்டேன்..."

"அடிச்சிட்டு எழுது."

ஓஃபா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். மாக்கா அக்காவின் பின்னால் ஓடினான். சிசிலியா வாசலை மறித்து நின்றாள், அதிகாரி எழுதி முடிக்கும்வரை.