ஒருத்தன் எழும்பினால்

நவரட்ணம் அந்தத் தெலுங்குப் படத்தின் டப்பிங் கசெட்டை ஏழாவது தடவையாகப் போட்டபோது, மனைவி புனிதவதி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். படத்தில், கொலிஜ் ஒன்றில் ரவுடிகள் வைத்ததே சட்டம். புதிதாக வந்த மாணவன் ஒருத்தன் அவர்களைப் புரட்டி எடுப்பான். முதுகுவலி என்று லீவு போட்டிருந்த நவரட்ணம் சாரத்தை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார்.

“ஒருத்தன் எழும்பினாக் காணுமப்பா. மற்றவன் எல்லாம் ஓடுவான்.”

கனடாக் குளிருக்குப் பயந்து குப்பை போடவே கீழே இறங்காத மனிதர். புனிதவதி பூட்ஸை மாட்டினாள்.

அவளுக்கு ஸ்காபரோவில் ஒரு கொலிஜ் கன்ரீனில் வேலை. அங்கேயும் அந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது, கதாநாயகன் மட்டும் வரவில்லை. ஜெயந்தன் என்றொருவன், மைனஸ் பதினைந்திலும் ஜக்கெற்றைத் திறந்துவிட்டபடி, மூன்று பேரைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவான். வரிசையில் நிற்கமாட்டான். அந்த நடை எந்தக் கசெட்டில் படித்ததென்று பார்த்தவுடனேயே தெரியும். ஒரு பாடமும் தேறாதவன் இதை மட்டும் பிசகாமல் படித்திருக்கிறானே என்று நினைப்பாள்.

அன்று மதியம் சுலக்சன் என்ற மாணவன், “லைனில வாங்கோ” என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். ஜெயந்தன் அவன் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கி முகத்தில் அடித்தான். விழுந்தவனை மற்ற மூவரும் உதைத்தார்கள். படத்தில் வருகிற இசை எதுவுமில்லை. ஈர மாவை மேசையில் அறைவது போன்ற சத்தம் மட்டும். சுற்றியிருந்த நூறு பேர் பிரெஞ்சு பிரைஸைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டரைச் சுற்றி எப்படி வந்தாளென்று புனிதவதிக்கே தெரியாது. சுலக்சனை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“அன்ரி, உள்ள போங்கோ. உது எங்கட பிரச்சினை” என்றான் ஜெயந்தன்.

“நாலு பேர் சேர்ந்து ஒருத்தனை உதைக்கிறதோ பிரச்சினை? முதல்ல மூக்கைத் துடையடா. ஒழுகுது.”

அவன் கை தானாகவே மூக்குக்குப் போனது. உண்மையாகவே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். ஜெயந்தனின் முகம் கறுத்தது. “உங்கட வீடு எங்கயெண்டு தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

சுலக்சனுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. பொலிஸ் விசாரித்தபோது, அந்த நூறு பேருமே சாப்பாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

பின்னேரம் வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட நவரட்ணம் குதித்தார். “உனக்கென்ன விசரே? பொலிஸ் வந்து கேட்டா, குசினிக்குள்ள நிண்டனான், ஒண்டும் பாக்கேல்லை எண்டு சொல்லு.”

“நீங்கள்தானே சொன்னனீங்கள், ஒருத்தன் எழும்பினாக் காணுமெண்டு?”

“அது படமடி!”

அவளுக்குக் கோபம் வரவில்லை. தட்டில் கிடந்த முடியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. நவரட்ணம் பாத்ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். புனிதவதி சுவரைப் பிடித்தபடி கதவின் துவாரத்தில் கண்ணை வைத்தாள். இரண்டு பொலிஸ்காரர். திறந்து உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னாள். ஜெயந்தனின் பெயரை எழுத்தெழுத்தாக அவள் சொல்லச் சொல்ல, இளையவர் எழுதிக்கொண்டார். பாத்ரூமில் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அந்தக் கதவைப் பார்த்தார்.

“ஹஸ்பண்ட்” என்றாள்.

தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.