அம்மாவுக்கு வாசித்த பக்கம்

காட்டில் தொலைந்தவன், கடலில் மிதந்தவள் என்று, உயிர்பிழைத்து வந்தவர்கள் எழுதிய புத்தகம் கையில் கிடைத்துவிட்டால் மைதிலிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பாதிக்கு மேல் புளுகு என்று அவளுக்கே தெரியும். "பொய்யா இருந்தா என்ன? படிக்க நன்னா இருக்கோல்லியோ?" என்று மன்னார்புரம் வாசகர் வட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னவள்.

அன்று கைதட்டியவர்களில் தங்கையனும் ஒருவன். மைதிலியின் தம்பி ஜகன்னாத்தோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஏழு வருடத்துக்கு முன் முக்கொம்புக்கு வெள்ளம் பார்க்கப் போன இருவரையும் கொள்ளிடம் இழுத்துக்கொண்டது. தங்கையன் ஒரு கருவேல மரத்தைப் பிடித்துப் பிழைத்தான். ஜகன்னாத்தின் உடல்தான் வீடு வந்தது. அந்தக் கதையைத் தங்கையன் இப்போது புத்தகமாகப் போட்டிருந்தான்.

விடியும்வரை ஜகன்னாத்தின் கையை அவன் விடவேயில்லையாம். கடைசியாக ஜகன்னாத், 'அம்மா வெச்ச ரசம் ஒரு வாய் போதும்டா' என்றானாம். மைதிலி அழுது தீர்த்தாள். பிறகு அதே பக்கத்தைத் தேடிப் பிடித்து இன்னொரு முறை அழுதாள். ஸ்ரீரங்கத்து வீட்டில், பார்வை போன அம்மாவுக்கும் தினம் வாசித்துக் காட்டினாள். 'தனியாப் போயிட்டானே' என்று ஏழு வருடமாகப் புலம்பிய அம்மா, கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

நாலாம் நாள் வாசிக்கும்போதுதான் மைதிலிக்குச் சுருக்கென்றது. கண் படித்தது ரசம். வாய் சொன்னது சாத்தமுது. அந்த வீட்டில் ரசத்துக்குச் சாத்தமுது என்றுதான் பெயர். ஜகன்னாத்துக்கு ஜுரப் பிதற்றலில்கூட வேறு வார்த்தை வராது. நாலு நாளாக அவள் நாக்கு தானாகவே அதைத் திருத்தியிருக்கிறது.

வாசலுக்கு வந்து போன் போட்டாள். "தங்கையன், சத்தியமாச் சொல்லுங்கோ. அவன் ரசம்னா சொன்னான்?"

"அவன் ஒண்ணுமே சொல்லலைங்கக்கா. நான் மரத்தைப் புடிக்கறப்பவே அவனைக் காணோம். அப்படியே எழுதினா மொட்டையா இருந்துச்சு. படிக்க நல்லா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

த்தூ என்றிருந்தது அவளுக்கு. செத்தவன் வாயில் வசனத்தைத் திணிக்க எப்படி மனசு வந்தது இவனுக்கு? ஆனால் அவனைவிடத் தன் மேல்தான் அவளுக்கு அதிக அருவருப்பு. கூடப்பிறந்தவன் சாவைச் சூடான பஜ்ஜி மாதிரி நாலு நாள் ருசித்திருக்கிறாள். புத்தகத்தைப் பழைய பேப்பர் கட்டுக்குள் சொருகினாள்.

"மைதிலி," என்று உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "பாதியில எழுந்து போயிட்டியே. அந்த இடத்தை வாசிடி. குழந்தை தனியாப் போகலைங்கறதே போறும் எனக்கு."

மைதிலி வெறுங்கையோடு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "'அம்மா பண்ற சாத்தமுது ஒரு வாய் போறும்டா'ன்னான். அப்பறம், 'எனக்குக் குளிரலைன்னு அம்மாகிட்ட சொல்லு'ன்னான்."

"இது நேத்திக்கு இல்லையே?"

"நேத்திக்கு ஒரு வரி விட்டுப்போச்சும்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் 'குளிரலை' நன்றாக விழுந்திருக்கிறது என்று மைதிலிக்குத் தோன்றியது. தோன்றிய உடனே எழுந்து போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள்.