அக்கா முறை

முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைக்கும் என்பார்கள். என் கொம்பு என் வீட்டிலேயே இருந்தது, ஆபீஸிலும் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள், கல்யாணமான கையோடு எங்கள் கம்பெனியிலும் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். வயதில் மட்டும்.

மருந்துப் பார்சல் அனுப்பும் நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுவது எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு எக்ஸ்எம்எல் ஸ்கீமா அனுப்பும். பார்சல் வகை என்றால் இந்தச் சொற்கள்தான் வரலாம், வேறு எதுவும் கூடாது என்று அதில் வரிசையாக இருக்கும். சாதாரணம், குளிர்பெட்டி, உடையக்கூடியது, இப்படி. அந்த மாதிரி வரிசை ஒவ்வொன்றுக்கும் எங்கள் புரோகிராமில் ஒரு எனம் கிளாஸ், அதாவது அந்தச் சொற்களைப் பட்டியலிடும் ஒரு துண்டு நிரல், வேண்டும். அத்தனையையும் வருடக்கணக்காகக் கையால் எழுதியவள் நான். ஸ்கீமா மாறினால் மேனேஜர் நேராக என் மேஜைக்குத்தான் வருவார். அவர் அப்படி நடந்து வருவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

சின்னவள் ஒரு புரோகிராம் எழுதினாள். ஸ்கீமாவைக் கொடுத்தால் எல்லாக் கிளாஸையும் அதுவே எழுதித் தள்ளும். நான் முதுகொடியச் செய்கிற வேலையை, நான் டீ குடித்து முடிப்பதற்குள் அது முடித்துவிட்டது. அதன்பிறகு மேனேஜர் ஒரு நாற்காலி தள்ளிப் போய் நின்றார். எனக்கு வயிறு எரிந்தது. அவள் சிரித்தால் எரிந்தது, சிரிக்காவிட்டாலும் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய, பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் புதிய வேலை வந்தது. அதற்கு லீட் நானா அவளா என்பது வெள்ளிக்கிழமை அவளுடைய புரோகிராமின் டெமோ முடிந்ததும் முடிவாகும் என்றார்கள். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். பாதி அதற்காக, மீதி அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காக.

வியாழக்கிழமை அந்த வாடிக்கையாளரின் புதிய ஸ்கீமாவைப் புரட்டினேன். சாதாரணத்துக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் ‘உறைநிலை’ என்று ஒன்று புதிதாக நுழைந்திருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். எங்கள் டேட்டாபேஸில் சொல்லைச் சேமிப்பதில்லை, வரிசையில் அது எத்தனையாவது என்பதை மட்டும்தான் சேமிக்கிறோம். நடுவில் ஒன்று புகுந்தால், ஏற்கனவே குளிர்பெட்டி என்று பதிவான பார்சலெல்லாம் உறைநிலை ஆகிவிடும். உறைந்தால் மருந்து வீண். அதனால்தான் ஸ்கீமாவில் எங்கே சேர்த்திருந்தாலும், புதிதாக வருவதை நான் கிளாஸின் கடைசியில்தான் எழுதுவேன். இதை யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவளுடைய புரோகிராமுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்தான். நேற்று வந்தவள் எழுதியதை நான் உட்கார்ந்து படிப்பதா?

அன்று சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்கு டெமோ அக்கா. பயமா இருக்கு.”

“பயம் நல்லதுதான்” என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். எல்லார் முன்னாலும் சொன்னால்தானே அதற்கு ருசி.

டெமோ முடிந்து எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கினேன். “உறைநிலைன்னு நடுவுல ஒண்ணு வந்திருக்கே, பழைய பதிவெல்லாம் என்ன ஆகும்?” மேனேஜரின் முகம் மாறியது. அவள் முகம் மாறவில்லை.

“நானும் முதல்ல அதைக் கவனிக்கலைக்கா. உங்க பழைய கிளாஸ் எல்லாத்தையும் படிச்சுப் பாத்தேன். புதுசா வந்தது எல்லாமே கடைசிலதான் இருந்துச்சு. அக்கா சும்மா செய்ய மாட்டாங்களேன்னு யோசிச்சப்பதான் புரிஞ்சுது. இப்ப என் புரோகிராம் முதல்ல உங்க வரிசையைப் படிக்கும், புதுசைக் கடைசில சேர்க்கும்.”

திரையில் அந்த இடத்தைக் காட்டினாள். மேலே ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: ‘அக்கா முறை’. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கா அவளுக்கா என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

“அப்ப லீட் யாருன்னு...” என்று மேனேஜர் இழுத்தார், அவள் பக்கம் பார்த்தபடி.

“அக்காதான் சார். எனக்குத் தெரிஞ்சதே அவங்க எழுதினதைப் பாத்துதான்.”

நாற்காலி எனக்குக் கிடைத்தது. ஒரு எதிரியாவது மிஞ்சியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அத்தை, என்னை லீட் ஆக்கியிருக்காங்க.”

மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். “சின்னவன் போன்ல சொன்னான். உனக்காக அவ விட்டுக்கொடுத்துட்டாளாமே. இந்த வயசுலயே எவ்வளவு பெரிய மனசு பாரு.”

“ஆமா அத்தை” என்றேன். உண்மையிலேயே பெரிய மனசுதான். இப்போது எனக்கு அதன்மேலும் பொறாமை.