கூட ஒரு மாத்திரை

வெங்காயம் நறுக்கிய கையைத் துடைக்காமலே தனம் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, ஒரு பஞ்சாயத்து," என்றார் அன்பரசு. பின்னால் கரும்பு மெஷினின் மணி குலுங்கியது. "மச்சான் கரும்பு ஜூஸ் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஒரே ஒரு கிளாஸ் வாங்கிக் குடுக்கட்டா?"

ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்த நாலு பேர். தலை நரைத்த பிறகும் வருடத்துக்கு ஒரு தரம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊர் சுற்றிப் பார்க்க என்று பேர். எந்த ஊரில் எது ருசி என்று பார்த்துத்தான் ஊரையே முடிவு செய்வார்கள். இந்த முறை சிதம்பரம். முதலில் நடராஜர், அப்புறம் பிச்சாவரத்தில் படகு, கடைசியாகப் பரங்கிப்பேட்டையில் நண்டு. கோயிலுக்கு முன்னால் கவுச்சி ஆகாது என்பதால் இந்த வரிசை. நண்டுக்கு வயிற்றில் இடம் வேண்டுமென்று தனத்தின் வீட்டுக்காரர் சபாபதி காலையில் இட்லியைக்கூடத் தொடாமல் கிளம்பியிருந்தார்.

"குடுத்துடாதீங்கண்ணே. போன வருசம் இப்பிடித்தான் நாக்கு வறளுதுன்னு நாடகம் போட்டு ரெண்டு கிளாஸ் குடிச்சாரு. சுகர் எறங்க ஒரு வாரம் ஆச்சு."

"தனம்..." சபாபதியின் குரல் இழுத்துக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு கிளாசு... கை நடுங்குது தனம்."

"வேத்து வேற ஊத்துது தங்கச்சி. நல்லா நடிக்கிறான்!"

அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். தனமும் சிரித்தாள்.

"ஏசியப் போட்டுப் படுக்க வைங்க. நண்டு வந்தா நடுக்கம் தானா நின்னுடும்."

போனை வைத்துவிட்டு வெங்காயத்தை வாணலியில் கொட்டினாள். உப்பை எடுக்க அலமாரியைத் திறந்தபோது அவருடைய சுகர் மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. இன்றைக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு குழி காலியாகியிருந்தது.

இரண்டாவதை அமுக்கி எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். "இன்னிக்கு ஒரு நாளு வாயக் கட்ட முடியாது தனம், கூட ஒண்ணு குடு," என்று காலையில் கெஞ்சினார். கல்யாண வீட்டு விருந்துக்குப் போனாலும் இப்படித்தான் செய்வார்கள். ஒன்றும் ஆனதில்லை. ஆனால் அந்த நாளிலெல்லாம் மாத்திரை போட்ட கையோடு இலையில் உட்கார்ந்துவிடுவார். இன்றைக்கு மணி பதினொன்றரை. வெறும் வயிறு.

கிளினிக் நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. "கை நடுங்குதா, வேக்குதா, பேச்சு கொழறுதா? சுகர் கொறைஞ்சி போச்சுன்னு அர்த்தம். ஒடனே சக்கரைய அள்ளி வாயில போடுங்க. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

அவர்கள் அவளைக் கேட்டார்கள்.

அன்பரசுவுக்கு அடித்தாள். பிஸி. மறுபடி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. சபாபதியின் போன் முழுதாக அடித்து ஓய்ந்தது. வெங்காயம் கருகும் வாசனை வந்து, மகள் தீபிகா அடுப்பை அணைக்க ஓடி வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுல்ல. அப்பா போன் எடுக்கல."

"பிச்சாவரம் போயிருப்பாங்க. படகுல டவர் கெடைக்காதும்மா."

தனம் மறுபடி அலமாரியைத் திறந்தாள். மாத்திரை அட்டையைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் தள்ளினாள். ஏன் ஒளிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பதினேழு முறை அடித்தாள். ஒவ்வொரு முறையும், இதோ எடுத்து, 'ஏண்டி தொந்தரவு பண்ற' என்று எரிந்து விழப்போகிறார் என்று நினைத்தாள். அவர் எரிந்து விழ வேண்டுமென்று மாரியாத்தாளுக்கு மஞ்சத்துணியில் ஒற்றை ரூபாய் முடிந்து வைத்தாள்.

ஒன்றே முக்காலுக்கு அன்பரசு கூப்பிட்டார். அவர் வாயைத் திறக்கும் முன்பே இவள் கத்தினாள்: "அண்ணே, அவருக்குச் சக்கரை குடுங்க! ஜூஸ் குடுங்க!"

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தம். ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுப் போனது.

"தங்கச்சி," என்றார். "பக்கத்துல தீபிகா இருக்கா? போன அவகிட்ட குடும்மா."

இருட்டுவதற்குள் சபாபதியைக் கொண்டுவந்துவிட்டார்கள். காலையில் போட்டுக்கொண்டு போன கட்டம் போட்ட சட்டையிலேயே இருந்தார். கோயில் விபூதி நெற்றியில் கலையாமல் இருந்தது.

மறுநாள் காலை பந்தலில் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். "சக்கரதான் கொன்னுடுச்சி. வாயக் கட்டுனாத்தானே?" ஒன்றும் சாப்பிடாமல் செத்த மனிதரைத் தின்றே செத்தவராக்கிவிட்டார்கள். தனம் மறுக்கவில்லை. சின்னம்மாள் அத்தை அவள் முதுகைத் தடவி, "நீயும் எவ்வளவோ கண்டிச்சிப் பாத்த," என்றபோது, யாராவது மாத்திரை அட்டையைக் கேட்டுவிடுவார்களோ என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அன்பரசு அவளருகே வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரே ராத்திரியில் கிழவராகியிருந்தார்.

"அசந்து தூங்குறான்னு நெனச்சி காரிலேயே உட்டுட்டுப் படகேறிட்டோம் தங்கச்சி. வந்து எழுப்புனா எழுந்திருக்கல. டாக்டர் சுகரு இருவதுன்னாரு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "ஆனா சாமி சத்தியமா ஒரு சொட்டு இனிப்பு குடுக்கல. கார்ல போவும்போது மறுபடியும் கேட்டான். கையெடுத்துக் கும்புட்டான். தங்கச்சிக்கு வாக்கு குடுத்திருக்கேன்டான்னு சொல்லிட்டேன். அந்த ஒண்ணுலதான் மனச தேத்திக்கிறேன்."

இருபது. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பந்தலில் தனத்துக்கு மட்டும்தான் தெரிந்தது. சொல்லிவிடலாமென்று வாயெடுத்தாள். சொன்னால் இவர் என்ன ஆவார்? அவள் செய்ததில் பாதி இவர் தலையிலும் இறங்கும்.

"நீங்க நல்லதுதாண்ணே செஞ்சீங்க," என்றாள்.

அவர் குலுங்கி அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை, பயமாக இருந்தது. இனி இவர் வரும்போதெல்லாம் இதைச் சொல்வார். தானும் ஒவ்வொரு முறையும் இதே பதிலைச் சொல்ல வேண்டும்.

வெளியே பறைச் சத்தம் ஏறியது. "வாய்க்கரிசி போடுறவங்க வரலாம்," என்று குரல் கொடுத்தார்கள். தனம் எழுந்து உள்ளே போனாள்.

"எங்கம்மா போற?" என்றாள் தீபிகா.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்."

அடுப்படியில் டப்பா திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது வலது கையை இறுக மூடியிருந்தாள். தாம்பாளத்திலிருந்து அரிசியை இடது கையால் அள்ளி அதன்மேல் போட்டுக்கொண்டு, குனிந்து, அவர் வாயில் மெதுவாக இட்டாள். ஒரு கைப்பிடிக்கு அது கொஞ்சம் அதிகம். கன்னத்தில் சிந்தியதையும் ஒதுக்கி உள்ளே தள்ளினாள்.

மற்றவர்கள் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். தனம் தட்டவில்லை. வேர்த்த உள்ளங்கை பிசுபிசுவென்று ஒட்டியது. அதை மூடிக்கொண்டே நின்றாள்.